ஓடும் ரயிலை நிறுத்தாமல் 1,500 வோல்ட்டை 25,000 வோல்ட்டாக மாற்றுவது எப்படி

1925 பிப்ரவரி 3 அன்று பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை இந்தியாவின் முதல் மின்ரயில் ஓடியது. அன்று அதற்குக் கொடுக்கப்பட்ட 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம், ரயில்வேக்காரர்கள் சொல்வதுபோல் டி.சி., தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் அந்நகரின் புறநகர் ரயில்களை இழுத்தது. மேற்கு ரயில்வேயின் சர்ச்கேட் – விரார் தடம் 2012இலும், மத்திய ரயில்வேயின் பிரதான தடம் 2015இலும், ஹார்பர் தடம் 2016 ஏப்ரலிலும் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு, அதாவது ஏ.சி.க்கு, வந்து சேர்ந்தன. (2017 டிசம்பரில் அங்கே ஓடத் தொடங்கிய குளிர்சாதன 'ஏ.சி. லோக்கல்' வேறு சங்கதி.) ஒரு நாள்கூட முழுமையாகச் சேவையை நிறுத்த இயலாத ஒரு நகரத்தில், முதுமையடைந்த மின்வழங்கல் அமைப்பை எந்த வரிசையில் மாற்ற வேண்டும் என்பதை மும்பையை முன்வைத்து இங்கே விளக்க முயல்கிறேன். வரிசை என்ற சொல்லை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மேலே செல்லும் கம்பியில் மின்னழுத்தத்தை மாற்றுவது இந்தத் திட்டத்தின் கடைசி வேலை. அதுவே முதல் வேலை என்று எண்ணித் தொடங்குபவர், பெட்டியும் பாலமும் சிக்னலும் ஆயத்தமாகாத நிலையில் புதிய மின்நிலையத்தைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்க நேரிடும்.

மாற்றத்தான் வேண்டுமா

பழைய டி.சி. அமைப்பு என்றாலே ஏ.சி.க்கு மாற்றிவிட வேண்டும் என்று விதி எதுவுமில்லை. சிட்னியும் மெல்போர்னும் டோக்கியோவின் பெரும்பாலான புறநகர்த் தடங்களும் இன்றும் 1,500 வோல்ட் டி.சி.யில்தான் ஓடுகின்றன. ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் பழைய மின்திருத்திகளை எடுத்துவிட்டு சிலிக்கன் டையோடுத் திருத்திகளை வைப்பது, இரண்டு துணை மின்நிலையங்களுக்கு நடுவே மூன்றாவதைக் கட்டுவது, தடத்தோடு கூடுதல் செம்புக் கம்பியை இணைப்பது ஆகியவை மதிப்பான வழிகளே. ஆகவே முதலில் செய்ய வேண்டியது, தடத்தின் தேவையைக் கணக்கிட்டுப் பார்ப்பதுதான்.

நிலையத்திலிருந்து கிளம்பும்போது 3,000 கிலோவாட் இழுக்கும் ஒரு ரயிலை எடுத்துக்கொள்வோம். 1,500 வோல்ட்டில் அதற்கு 2,000 ஆம்பியர் வேண்டும். 25,000 வோல்ட்டில் 120 ஆம்பியர் போதும். கம்பியில் வெப்பமாக வீணாகும் திறன் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், அதே கம்பியில் இழப்பு ஏறத்தாழ 278இல் ஒரு பங்காகிவிடுகிறது. ஒரே பகுதியில் நான்கைந்து ரயில்கள் ஒன்றாகக் கிளம்பும் காலை நெரிசல் நேரத்தில் டி.சி. கம்பியின் மின்னழுத்தம் சரியும். 1,500 வோல்ட் அமைப்பில் 1,000 வோல்ட் வரை சரிவதைத் தரவிதிகள் அனுமதிக்கின்றன என்றாலும், அந்த நிலையில் ரயில் கிளம்புவதே மந்தமாகி, அட்டவணை தளர்ந்துவிடும்.

இழப்பைவிட என்னைக் கவலைப்படுத்தும் விஷயம் பாதுகாப்பு. துணை மின்நிலையத்திலிருந்து தொலைவில் கம்பி அறுந்து தரையில் விழுந்தால் பாயும் பழுது மின்னோட்டமும், கிளம்பும் ரயில்கள் சேர்ந்து இழுக்கும் மின்னோட்டமும் டி.சி. அமைப்பில் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கக்கூடும். இரண்டையும் பிரித்தறியத் திணறும் பிரேக்கரை, அதாவது பழுது நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியை, கொஞ்சம் தளர்த்தி வைத்தால், விழுந்த கம்பி உயிரோடு கிடக்கும்; இறுக்கி வைத்தால், நெரிசல் நேரத்தில் காரணமின்றி மின்சாரம் துண்டிக்கப்படும். பெட்டிகளின் எண்ணிக்கையை ஒன்பதிலிருந்து பன்னிரண்டாகவும் பதினைந்தாகவும் உயர்த்தும் திட்டம் இருந்தால் இந்தச் சிக்கல் ஆண்டுக்கு ஆண்டு முற்றும். மும்பைக்கு வேறொரு காரணமும் இருந்தது: நாட்டின் ஏனைய மின்மயத் தடங்கள் 25,000 வோல்ட்டுக்குப் போய்விட, பம்பாயைச் சுற்றிய பகுதி மட்டும் டி.சி. தீவாக நின்றது. இகத்புரியில் தொலைதூர ரயில்களின் இன்ஜினை மாற்றுவதற்காகவே காத்திருந்த நிமிடங்கள் பல்லாண்டுக் கணக்கில் சேர்ந்தன.

கணக்கோடு, இருப்பதன் வயதையும் அளந்து எழுத வேண்டும். மின்மாற்றி எண்ணெயில் கரைந்துள்ள வாயுக்களைச் சோதித்தால் உள்ளே காப்புப்பொருள் எவ்வளவு சிதைந்துள்ளது என்று தெரியும். காகிதக் காப்புள்ள ஈய உறைக் கேபிள்களின் இணைப்புகள் எங்கெல்லாம் உள்ளன என்பது பெரும்பாலும் ஓய்வு பெறப்போகும் ஒரு மேற்பார்வையாளரின் நினைவில் மட்டுமே இருக்கும். அவர் ஓய்வு பெறுவதற்கு முன் அவருடன் தடம் நெடுக நடந்து குறித்துக்கொள்வது எந்த ஆலோசகரின் அறிக்கையைவிடவும் பயனுள்ளது.

பெட்டிகள் முதலில்

முடிவு எடுத்தபின் முதலில் கொள்முதல் ஆணை தர வேண்டியது இரண்டு மின்னழுத்தங்களிலும் ஓடக்கூடிய ரயில்களுக்குத்தான். ஒரு தடம் முழுவதையும் ஒரே இரவில் மாற்ற இயலாது என்பதால், பல ஆண்டுகள் தடத்தின் ஒரு பாதி ஏ.சி.யிலும் மறுபாதி டி.சி.யிலும் இருக்கும். பயணிகளை நடுவில் இறக்கி ஏற்றுவது புறநகர்ச் சேவையில் எண்ணிப் பார்க்கவும் முடியாத காரியம். அதனால் எல்லையைக் கடக்கும்போது தாமாகவே மாறிக்கொள்ளும் இருமின்னழுத்த ரயில்கள் போதிய எண்ணிக்கையில் வந்து சேரும் வரை எல்லையை நகர்த்தவே முடியாது. தொலைதூர ரயில்களுக்காக இத்தகைய இருவகை இன்ஜின்கள் 1970களிலேயே பம்பாய்க்கு வந்துவிட்டன. புறநகர் ரயில்களில் சீமென்ஸ் மின்கருவிகள் பொருத்தப்பட்ட இருமின்னழுத்தத் தொடர்கள் 2007 முதல் ஓடத் தொடங்கின.

இரண்டு மின்னழுத்தங்களுக்கும் நடுவே மின்சாரமே இல்லாத ஒரு துண்டுக் கம்பி இருக்கும். ரயில் அதை விசையின்றி உருண்டு கடந்து, மறுபக்கத்தில் பான்டோகிராஃப், அதாவது கூரையிலிருந்து எழுந்து கம்பியை உரசும் கை, தொடும் மின்னழுத்தம் எது என்பதைக் கருவி உணர்ந்து, அதற்குரிய சுற்றை இணைக்க வேண்டும். டி.சி. நிலையில் இருக்கும் ரயில் 25,000 வோல்ட்டைத் தொட்டுவிட்டால் கூரையில் உள்ள கருவிகள் நொடியில் எரிந்துபோகும். எனவே ஓட்டுநர் மறந்தாலும் கருவி மறக்காத வகையிலும், கருவி பழுதானால் சுற்று இணையாமலே நிற்கும் வகையிலும் வடிவமைப்பு இருக்க வேண்டும் என்று கொள்முதல் ஆவணத்திலேயே எழுதுங்கள்.

டி.சி.யில் மட்டும் ஓடும் பழைய தொடர்களை உடனே கழித்துக் கட்ட வேண்டியதில்லை. கடைசியாக மாறப்போகும் தடத்துக்கு அவற்றை ஒதுக்கிவிடலாம். மும்பையில் ஹார்பர் தடம் அந்தப் பாத்திரத்தை ஏற்றது, கடைசி டி.சி. லோக்கல் அங்கேதான் ஓடியது. ஆனால் அந்தத் தடத்துப் பயணிகள் பல ஆண்டுகள் நகரத்தின் மிகப் பழைய பெட்டிகளிலேயே பயணம் செய்தார்கள் என்பதையும் திட்டமிடுபவர் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாலத்தின் அடியில் கால் மீட்டர்

திட்டத்தில் மிக அதிகமாகக் காலத்தை விழுங்குவது மின்சாரமே அல்ல, பாலங்கள். 1,500 வோல்ட்டுக்குச் சில விரற்கடை இடைவெளி போதும். 25,000 வோல்ட் கம்பிக்கும் பாலத்தின் அடிப்பாகத்துக்கும் நடுவே ஏறத்தாழ 250 மில்லிமீட்டர் காற்றிடைவெளி நிலையாக வேண்டும். அதற்கு மேல், ரயில் ஓடும்போது கம்பி எழும்பும் அளவையும் சேர்க்க வேண்டும். நீராவி இன்ஜின் காலத்தில் கட்டப்பட்ட சாலை மேம்பாலங்கள் பல இந்த இடத்தைத் தருவதில்லை.

தீர்வுகள் மூன்று, மூன்றும் துன்பம் தருபவை. பாலத்தை உயர்த்தினால் சாலையின் ஏற்றம் மாறும். பாலத்தின் மேல் உள்ள சாலை மாநகராட்சியுடையது, அதன் வயிற்றில் குடிநீர்க் குழாயும் தொலைபேசிக் கேபிளும் போகும், ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம் ஒப்புதல் தர வேண்டும். தண்டவாளத்தைத் தாழ்த்தினால் ரயில்வேயின் கைக்குள்ளேயே வேலை முடிந்துவிடும் என்பதால் பொறியாளர்கள் அதையே விரும்புவார்கள். ஆனால் ஆண்டுதோறும் தண்டவாளம் மூழ்கும் மும்பை போன்ற நகரத்தில், தாழ்த்திய ஒவ்வோர் அங்குலமும் ஜூலை மாதத்தில் தேங்கும் தண்ணீராகத் திரும்பி வரும். வடிகாலைத் திட்டத்தில் சேர்க்காமல் தண்டவாளத்தைத் தாழ்த்துவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். மூன்றாவது வழி, குறைந்த இடைவெளியை அனுமதிபெற்று ஏற்றுக்கொண்டு, பாலத்தின் கீழே கம்பி எழும்பாதபடி வேகத்தைக் கட்டுப்படுத்துவது. தற்காலிகமாக என்று விதிக்கப்படும் வேகக்கட்டுப்பாடு பத்தாண்டு நிலைத்துவிடுவது நம் ஊர் வழக்கம் என்பதால், அதற்கு முடிவு நாளையும் பொறுப்பாளரையும் ஆணையிலேயே குறிப்பிடுவது நல்லது.

ஆகவே, வேறெந்த ஒப்பந்தத்துக்கும் முன்பே, தடத்தின் ஒவ்வொரு மேம்பாலத்தையும் நடைமேம்பாலத்தையும் நடைமேடைக் கூரையையும் அளந்து ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். எங்கே எத்தனை மில்லிமீட்டர் குறைகிறது என்ற அந்த ஒற்றைப் பட்டியல்தான் திட்டத்தின் உண்மையான கால அட்டவணை.

தண்டவாளமும் ஒரு கம்பி

மேலே கம்பி வழியாக வரும் மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் திரும்பிப் போகிறது. அதே தண்டவாளத்தில்தான் சிக்னல் துறையின் ட்ராக் சர்க்யூட்டும் இருக்கிறது: இரு தண்டவாளங்களுக்கும் நடுவே சிறு மின்னோட்டத்தை வைத்து, ரயிலின் சக்கரம் அதைக் குறுக்கிணைப்பதைக் கொண்டு தடத்தில் ரயில் இருப்பதை அறியும் ஏற்பாடு அது. இழுவை மின்சாரத்தோடு குழம்பிவிடக் கூடாது என்பதற்காக, டி.சி. பகுதியில் சிக்னலுக்கு ஏ.சி.யையும், ஏ.சி. பகுதியில் சிக்னலுக்கு டி.சி.யையும் பயன்படுத்துவது மரபு. மாற்றும் இரவில் இரண்டையும் ஒன்றாக மாற்ற முடியாது. எனவே இரண்டு வகை இழுவைக்கும் அசையாத ஏற்பாட்டை, அதாவது ஒலி அலைவெண் ட்ராக் சர்க்யூட்டையோ அச்சு எண்ணும் கருவியையோ, மின்னழுத்தத்தை மாற்றுவதற்குப் பல மாதங்கள் முன்பே தடம் முழுவதும் பொருத்தி, டி.சி.யிலேயே ஓடவிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

தரையிணைப்பில் முரண் இன்னும் ஆழமானது. டி.சி. அமைப்பில் தண்டவாளத்தை மண்ணிலிருந்து இயன்றவரை பிரித்து வைப்பார்கள். மண்ணுக்குள் கசியும் மின்னோட்டம் அருகில் உள்ள இரும்புக் குழாய்களையும் கட்டடங்களின் அடித்தளக் கம்பிகளையும் அரித்துவிடும். ஏ.சி.யில் அரிப்பு பெரிய கவலை இல்லை. மாறாக, தடத்தின் ஓரத்தில் இருக்கும் கம்பம், கூரை, வேலி, படிக்கட்டுக் கைப்பிடி என்று உலோகம் எதுவாக இருந்தாலும் அதைத் தண்டவாளத்தோடோ தரையோடோ இணைத்தாக வேண்டும். இரண்டு கொள்கைகளும் எல்லைப் பகுதியில் சந்திக்கும்போது, ஏ.சி.க்காகக் கொடுத்த இணைப்புகள் வழியாகவே டி.சி. மண்ணுக்குள் இறங்கும். ஆகையால் இணைப்புக் கம்பிகளை முன்கூட்டியே பொருத்தி, ஒரு முனையை மட்டும் திறந்து வைத்து, எண்ணிட்டுப் பட்டியலிட்டு, மாற்றும் இரவில் ஒவ்வொன்றாக முடுக்குவதே சரியான முறை.

தடத்துக்கு இணையாகச் செல்லும் செம்புத் தொலைத்தொடர்பு இணைகளில் ஏ.சி. தூண்டும் மின்னழுத்தம் கருவிகளைக் கெடுப்பதோடு, பழுது பார்ப்பவர் உயிருக்கும் ஆபத்தானது. ரயில்வேயின் இணைகளைக் கண்ணாடி இழைக் கேபிளுக்கு மாற்றிவிடலாம். அருகில் குடியிருப்புகளும் பிறரது கேபிள்களும் நெருங்கியுள்ள நகரப் பகுதியில், திரும்பும் மின்னோட்டத்தைத் தண்டவாளத்திலிருந்து தனிக் கம்பிக்கு இழுத்துக்கொள்ளும் பூஸ்டர் மின்மாற்றிகளும் வேண்டும்.

புதிய மின்நிலையங்கள்

டி.சி.க்குச் சில கிலோமீட்டருக்கு ஒன்றாக இருந்த துணை மின்நிலையங்கள் ஏ.சி.யில் மிகக் குறைந்துவிடும். நிலம் கிடைக்காத நகரத்தில் இது பெரிய ஆதாயம். ஆனால் ஒன்று போனால் நீண்ட தடம் இருளும் என்பதால், ஒவ்வொரு நிலையமும் பக்கத்து நிலையத்தின் சுமையைத் தாங்கும் அளவுக்கு மின்மாற்றித் திறன் வைத்திருக்க வேண்டும். அதை முன்பகல் நெரிசலின் சுமையை வைத்துக் கணக்கிடுங்கள், நாளின் சராசரியை வைத்து அல்ல.

ரயில் எடுப்பது ஒற்றைக் கட்ட (சிங்கிள் ஃபேஸ்) மின்சாரம். மாநில மின்தொகுப்பு மூன்று கட்டங்களில் இயங்குகிறது. சுமையைப் பகிர, அடுத்தடுத்த நிலையங்களை வெவ்வேறு கட்ட இணைகளில் இணைப்பார்கள். அவை சந்திக்கும் இடத்தில் ரயில் இரண்டையும் ஒன்றாக இணைத்துவிடாதபடி நடுநிலைப் பகுதி என்னும் மின்சாரமற்ற துண்டை அமைக்க வேண்டும். 500 மீட்டர் முன்பும் 250 மீட்டர் முன்பும் உள்ள பலகைகளைப் பார்த்து ஓட்டுநர் சுற்றைத் துண்டித்து உருண்டு கடப்பார். இந்த இடத்தைத் தேர்வதில் அவசரம் கூடாது. நிலையங்கள் ஒன்றிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் புறநகர்த் தடத்தில், ஏற்றமும் இல்லாமல், சிவப்பு சிக்னலில் ரயில் நிற்க நேரிடும் இடமாகவும் இல்லாமல், நிலையத்திலிருந்து கிளம்பிய ரயில் வேகம் பிடித்த இடமாகவும் இருக்கும் துண்டு அரிதாகவே கிடைக்கும். வரைபடத்தில் குறித்துவிடாமல், ஓட்டுநர் அறையில் நின்று நெரிசல் நேரத்தில் நாலைந்து முறை போய்ப் பார்த்த பிறகு முடிவு செய்ய வேண்டும்.

ஏ.சி.யின் இன்னொரு ஆதாயம் பிரேக்கில் கிடைக்கிறது. டி.சி.யில் டையோடுத் திருத்தி ஒருவழிப் பாதை. பிரேக் போடும் ரயில் உண்டாக்கும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள அருகிலேயே வேறொரு ரயில் கிளம்பிக்கொண்டிருந்தால் மட்டுமே அது பயன்படும். ஏ.சி.யில் மின்மாற்றி இருவழியும் திறந்திருப்பதால் மிச்சம் மின்தொகுப்புக்கே போகும். அதற்கு விலை உண்டா, அளவுக்கருவி அதைக் கழித்துக் காட்டுமா என்பதை மின்வழங்கு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் முன்கூட்டியே தெளிவுபடுத்துங்கள்.

இரவு இரண்டரை மணி நேரம்

மும்பையில் கடைசி ரயிலுக்கும் முதல் ரயிலுக்கும் நடுவே கிடைப்பது ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். பராமரிப்புக்காகச் சேவையை நிறுத்தும் ஞாயிற்றுக்கிழமை 'மெகா பிளாக்' கிடைத்தால் இன்னும் கொஞ்சம். மின்சாரத்தைத் துண்டித்து அனுமதிச் சீட்டு வாங்கி, கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டி, கம்பி வேலைக்கான உயர்மேடை வண்டியான டவர் வேகன் இடத்துக்கு வந்து சேரவும், முடிவில் இவை அனைத்தையும் திருப்பிச் செய்யவும் ஆகும் நேரத்தைக் கழித்தால், கையில் கருவியோடு வேலை செய்யும் நேரம் ஒரு மணியைச் சற்றுத் தாண்டும். அந்த ஒரு மணியை அலகாகக் கொண்டுதான் முழுத் திட்டத்தையும் பிரிக்க வேண்டும்.

இங்கே உதவும் ஓர் எளிய உண்மை: 25,000 வோல்ட்டைத் தாங்கும் இன்சுலேட்டர் 1,500 வோல்ட்டையும் தாங்கும். ஆகவே ஒவ்வோர் இரவும் சில கம்பங்களில் பழைய இன்சுலேட்டர்களை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்தி, காலையில் அதே டி.சி.யை ஓட்டிக்கொண்டே ஆண்டுக்கணக்கில் வேலையை முன்னெடுக்கலாம். கம்பியில் மட்டும் இது நேர்மாறு. இந்திய ஏ.சி. தடங்களில் வழக்கமான 107 சதுர மில்லிமீட்டர் தொடுகம்பி, பல ஆயிரம் ஆம்பியர் டி.சி.யைத் தனியே சுமக்காது. அதனால் பழைய தடித்த கம்பிகளை மாற்றம் முடியும் வரை வைத்திருங்கள், அல்லது இணையாக ஃபீடர் கம்பி போடுங்கள். கடலோர நகரத்தில் உப்புக் காற்று படியும் என்பதால், மேற்பரப்பு நீளம் அதிகமுள்ள இன்சுலேட்டர்களையே தேர்ந்தெடுக்க வேண்டும். காக்கைகளையும் மறக்க வேண்டாம். நகரத்துக் காக்கை கட்டுமானக் கம்பித் துண்டுகளைக் கொண்டு கூடு கட்டும். 25,000 வோல்ட் கம்பத்தில் அந்தத் துண்டு ஒன்று தொங்கினால் போதும், ஒரு பகுதி முழுவதும் மின்சாரம் போகும்.

பணியாளர் பயிற்சியைப் பெட்டி வாங்கும் நாளிலேயே தொடங்கிவிட வேண்டும். 1,500 வோல்ட்டில் முப்பது ஆண்டு பழகிய கைகளுக்கு, தொடாமலே மின்சாரம் தாவும் என்பது நம்பக் கடினமான செய்தி. இரண்டு மீட்டருக்குள் எவரும் எதுவும் நெருங்கக் கூடாது என்பது முதல் விதி. இரண்டாவது விதி இன்னும் நுட்பமானது: ஏ.சி.யில் துண்டிக்கப்பட்ட கம்பியிலும் பக்கத்துத் தடத்துக் கம்பி மின்னழுத்தத்தைத் தூண்டும். வேலை செய்யும் இடத்தின் இருபுறமும் எர்த் ராடு மாட்டாத வரை அந்தக் கம்பி உயிருள்ளதே. துண்டித்துவிட்டோமே என்ற நம்பிக்கைதான் இந்த மாற்றத்தில் ஆளைக் கொல்லும்.

எல்லையை நகர்த்துதல்

சென்னை இந்த மாற்றத்தை மும்பைக்கு வெகுகாலம் முன்பே பார்த்துவிட்டது. 1931இல் 1,500 வோல்ட் டி.சி.யில் தொடங்கிய கடற்கரை – தாம்பரம் மீட்டர்கேஜ் தடம் 1960களில் 25,000 வோல்ட்டுக்கு மாறியது. ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளமுள்ள, கிளைகளற்ற ஒரே தடம் என்பதால் பணி அடக்கமாக இருந்தது. பல கிளைகளும் பல முனையங்களும் கொண்ட மும்பையில் புறத்தேயிருந்து உள்நோக்கி, விராரிலிருந்தும் கல்யாண் பக்கத்திலிருந்தும் நகரத்தின் நடுவை நோக்கி, ஒவ்வொரு கட்டமாக எல்லையை நகர்த்த வேண்டியிருந்தது. நெரிசல் குறைந்த புறப்பகுதியில் தொடங்கினால், பிழைகளைக் குறைந்த பயணிகளின் மீது கற்றுக்கொள்ளலாம் என்பது இதிலுள்ள நன்மை.

ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் அரசின் மின் ஆய்வாளரின் ஒப்புதலும், ரயில் பாதுகாப்பு ஆணையரின் அனுமதியும் வேண்டும். பின்னவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லாமல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருப்பது தற்செயலல்ல. அவசரப்படுபவரின் கையில் முத்திரை இருக்கக் கூடாது. குறிப்பிட்ட நாளிலிருந்து கம்பிகள் எந்நேரமும் 25,000 வோல்ட்டில் இருக்கும் என்று நாளிதழ்களிலும் நிலையங்களிலும் உள்ளூர் மொழிகளில் அறிவிப்பு வர வேண்டும். பெட்டிக் கூரையில் ஏறிப் பயணம் செய்யும் இளைஞர்களிடம் நாளிதழ் சேராது. நிலையங்களிலும் தடத்தோரக் குடியிருப்புகளிலும் நேரில் போய்ச் சொல்லியாக வேண்டும்.

மாற்றும் இரவில் செய்ய வேண்டியவை குறைவாகவே இருந்தால் முன்தயாரிப்பு சரியாக நடந்திருக்கிறது என்று பொருள். டி.சி. ஊட்டுகளைத் துண்டித்து, மீண்டும் இணைக்க முடியாதபடி கேபிள் முனைகளைக் கழற்றி வைக்க வேண்டும். தரையிணைப்புகளைப் பட்டியல்படி முடுக்கி, எல்லைத் துண்டைப் புதிய இடத்தில் செயல்படுத்தி, காப்புத் தடையை அளந்து, ஆட்கள் அனைவரும் எண்ணப்பட்ட பிறகே கட்டுப்பாட்டறை மின்சாரம் கொடுக்கலாம். முதலில் பயணிகளற்ற ஒரு ரயில், பிறகு மற்றொன்று, பிறகே அட்டவணை. இத்தனை மணிக்குள் இந்தப் படி முடியாவிட்டால் டி.சி.க்கே திரும்புவோம் என்ற நேரக்கோட்டை முந்தைய நாளே எழுதிக் கையெழுத்திட்டுவிடுங்கள். அதிகாலை மூன்று மணிக்கு, களைத்துப்போன அதிகாரிகள் கூடி எடுக்க வேண்டிய முடிவு அல்ல அது.

பழைய துணை மின்நிலையங்களை உடனே உடைக்காதீர்கள். ஒரு முழுப் பருவமழையைப் புதிய அமைப்பு தாங்கிய பிறகு, எந்த இன்சுலேட்டர் கசிகிறது, எந்த நடுநிலைப் பகுதியில் ரயில் நிற்கிறது, எந்தப் பாலத்தின் கீழ் தண்ணீர் தேங்குகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். அதன் பிறகே டி.சி. கருவிகளை அகற்றலாம். மிகப் பழைய நிலையங்களில் பாதரசத் திருத்திகளின் மிச்சம் ஏதேனும் கிடந்தால், பழைய இரும்பு வாங்குபவரை அழைப்பதற்கு முன் அந்தப் பாதரசத்தைத் தனியே எடுத்து, முறைப்படி ஒப்படைத்துவிட வேண்டும்.